பர்மிங்காம் பரோ சிறை: நகர மன்ற மினிட்ஸை (கூட்டக் குறிப்பேடு) மட்டும் வைத்து ஒரு ஜெயில் கட்டின கதையைச் சொல்ல முடியுமா?

கால்வாய்க்கரை (இழையைத் தொடங்கியவர்) – ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நான் பர்மிங்காமில் வின்சன் கிரீன் பக்கம் குடியிருக்கிறேன். சாயங்காலம் சோஹோ லூப் கால்வாய்க் கரையில் நடப்பது வழக்கம். தண்ணீரில் வாத்து, குறுகலான படகு, கொஞ்சம் தள்ளி ஜெயில். பத்து வருஷமாக இதே வழியில் போய்வருகிறேன், இதை யார் கட்டியிருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. போன மாதம் மகளுக்குப் பள்ளியில் 'நம் பகுதிக் கட்டடம் ஒன்று' என்று வேலை கொடுத்தார்கள். அவள் எடுத்தது ஜெயில். கோயில் எடு, நூலகம் எடு என்றால் கேட்கவில்லை. இப்போது அவள் முடித்துவிட்டாள், நான் மாட்டிக்கொண்டேன்.

இதுவரை சேர்த்தது இவ்வளவுதான். 1845 அக்டோபரில் அடிக்கல், 1849 அக்டோபரில் முதல் கைதிகள். வரைபடம் போட்டவர் டேனியல் ரோலின்சன் ஹில். 321 பேருக்கு இடம். மதிப்பீடு 51,447 பவுண்டு. கட்டியது லண்டன் அரசாங்கம் இல்லை, உள்ளூர் நகர மன்றம் ('பரோ' என்றால் நகராட்சி). இதுதான் எனக்குப் புதுசு. முனிசிபாலிட்டி என்றால் குப்பை, குழாய், தெருவிளக்கு என்று இருந்த மனுஷன் நான். முனிசிபாலிட்டி ஜெயில் கட்டுமா?

மன்ற மினிட்ஸ் இந்த ஊர்ப் பெரிய நூலகத்து ஆவணப் பிரிவில் இருக்கிறது. போய் உட்கார்ந்தால் எங்கிருந்து தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மினிட்ஸ் பைத்தியம் – ஞாயிறு, இரவு 11:15

நல்ல இடத்தில்தான் மாட்டியிருக்கிறீர்கள். 1845-லிருந்து தொடங்காதீர்கள், 1838-க்குப் போங்கள்.

பர்மிங்காமுக்கு நகராட்சிச் சாசனம் கிடைத்ததே 1838-ல். அதுவரை தெரு, விளக்கு எல்லாம் தெருக் கமிஷனர்கள் கையில். சாசனம் வந்த பிறகும் அவர்கள் கடையை மூடவில்லை, 1851 வரை பக்கத்திலேயே நடத்தினார்கள். ஆக ஊரில் இரண்டு நிர்வாகம். இது போதாதென்று, சாசனமே செல்லாது என்று ஒரு கோஷ்டி மல்லுக்கு நின்றது. 1839 ஜூலையில் புல் ரிங் சந்தைப் பகுதியில், எல்லா ஆண்களுக்கும் ஓட்டு கேட்ட சார்ட்டிஸ்டுகளின் கலவரம். லண்டனிலிருந்து போலீஸை இறக்கினார்கள். அப்புறம் பாராளுமன்றம் ஊர்க் காவலைப் புது மன்றத்தை நம்பி விடாமல், அரசு நியமித்த ஒரு கமிஷனரிடம் கொடுத்தது. 1842-ல் சாசனத்தை உறுதிசெய்து சட்டம் வந்த பிறகுதான் மன்றத்துக்குக் கையும் காலும் வந்தது. வரி வசூலிக்கவே சிக்கல் இருந்த மன்றம் ஜெயில் எப்படிக் கட்டும்?

ஆனால் சாசனத்தைத் தொடர்ந்து சொந்தக் காலாண்டு நீதிமன்றமும் ஊருக்குக் கிடைத்திருந்தது. தண்டனை கொடுக்க நீதிமன்றம் உண்டு, தண்டனையை அனுபவிக்க இடம் இல்லை. மூர் தெருவில் பப்ளிக் ஆபீஸை ஒட்டி ஒரு சின்னச் சிறை, அவ்வளவுதான். மற்றவர்களை இருபது மைல் தள்ளியுள்ள வார்விக் கவுண்டி சிறைக்கு அனுப்ப வேண்டும். சாப்பாட்டுச் செலவு, வண்டிச் செலவு எல்லாம் பர்மிங்காம் கணக்கில். ஊரார் சண்டை போட்டது கைதிகளின் கஷ்டத்துக்காக என்று நினைத்து மினிட்ஸைத் திறந்தால் ஏமாந்துபோவீர்கள். முதலில் வருவது பில்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. முழு மன்றக் கூட்டத்து மினிட்ஸில் 'குழுவின் அறிக்கை வாசிக்கப்பட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்றுதான் இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் மூன்று மணி நேர வாய்ச்சண்டை ஒளிந்திருக்கும். சண்டை வேண்டுமென்றால் அந்த வாரத்து 'பர்மிங்காம் ஜர்னல்', 'ஏரிஸ் கெஸட்' இரண்டையும் பாருங்கள். மன்றத்தில் யார் என்ன பேசினார் என்று பத்தி பத்தியாகப் போடுவார்கள். இரண்டுக்கும் அரசியல் வேறு என்பதால் ஒரே கூட்டம் இரண்டு கூட்டமாகத் தெரியும். டெண்டர் விளம்பரத்தைத் தேடுவதும் அங்கேதான்.

---

சுருக்கு – திங்கள், காலை 7:02

வெள்ளைக்காரன் அவன் ஊரில் அவன் ஆளை அடைக்கக் கட்டின ஜெயில். நமக்கு எதற்கு?

---

மினிட்ஸ் பைத்தியம் – திங்கள், காலை 7:30

இழையைத் தொடங்கியவர் அங்கே வீட்டு வரி கட்டுகிறார். இதற்கு மேல் என்ன உறவு வேண்டும்?

---

பழைய ஓவர்சியர் – திங்கள், மதியம் 1:20

தம்பி, நான் பொதுப்பணித்துறையில் முப்பத்தோரு வருஷம். இரண்டு கிளைச் சிறைகளுக்குப் பழுதுபார்ப்பு வேலை பார்த்தவன். மினிட்ஸ் எனக்கு வராது, கட்டடம் வரும். அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் புது ஜெயில் என்றால் எல்லோர் மனதிலும் ஒரே மாதிரிதான்: லண்டன் பென்டன்வில், 1842-ல் திறந்தது. நடுவில் ஒரு கூடம், அதிலிருந்து விசிறி மடிப்பு மாதிரி நீளநீளமான சிறகுகள். கூடத்தில் நிற்கிற ஒரு ஆள் எல்லாச் சிறகையும் கடைசி வரை பார்க்கலாம். போட்டவர் ஜோஷுவா ஜெப் என்ற ராணுவ இன்ஜினியர். பிறகு சிறைகளின் சர்வேயர் ஜெனரல் ஆனார். 1839 சிறைச் சட்டப்படி எந்த ஊர் ஜெயில் கட்டினாலும் வரைபடம் உள்துறை மந்திரி ஒப்புதலுக்குப் போக வேண்டும். போனால் ஜெப் மேசைக்குத்தான் வரும். நம் ஊரில் சீஃப் இன்ஜினியர் ஆபீசுக்கு டிராயிங் போய் சிவப்பு மையோடு திரும்பி வருமே, அதே கதை.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஷரத்து ஒன்று உண்டு. தனி அறையில் ஒருவனைப் பூட்டி வைப்பதென்றால் அந்த அறைக்குச் சிறை இன்ஸ்பெக்டர் சான்று தர வேண்டும். அளவு, வெளிச்சம், சூடு, காற்று நான்கும் சரியாக இருக்க வேண்டும். ஐந்தாவதாக, உள்ளே இருப்பவன் எந்த நேரமும் ஒரு அதிகாரியைக் கூப்பிட வழி இருக்க வேண்டும். இந்த ஐந்தையும் கட்டடத்தில் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலையில்லை.

பென்டன்வில் அறை 13 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரம். ஜன்னல் திறக்காது. திறந்தால் பக்கத்து அறைக்காரனோடு பேசிவிடுவான் என்று பயம். ஒருவருக்கொருவர் முகம் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது என்பதுதான் தனிமை முறையின் அடிப்படை. அறைகளுக்கு நடுவில் 18 அங்குலச் சுவர். நாம் தாங்கு சுவருக்கே 9 அங்குலத்தில் முடித்துவிடுவோம். 18 அங்குலம் எடை தாங்க இல்லை, தட்டினால் அடுத்தவனுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக.

சரி, ஜன்னல் திறக்காது என்றால் மூச்சு? அடித்தளத்தில் வெந்நீர்க் குழாய் வைத்துக் காற்றைச் சூடாக்கி, சுவருக்குள்ளேயே புகைபோக்கி மாதிரி குழல் விட்டு, ஒவ்வொரு அறைக்கும் மேலே கூரைப் பக்கம் ஒரு சல்லடை வழியாக விடுவார்கள். கெட்ட காற்று எதிர்ச்சுவரில் தரையோரத்துத் துவாரம் வழியாக இன்னொரு குழலில் ஏறி, கூரை மேல் இருக்கிற பெரிய புகைக்கூண்டுக்குப் போகும். அதை இழுக்க அங்கே நெருப்பு. ஒவ்வொரு அறைக்கும் போக ஒரு குழல், வர ஒரு குழல். 321 அறைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கொத்தனார் ஒருவன் ஒரு குழலில் சாந்தைச் சிந்தி அடைத்துவிட்டால் அந்த அறைக்காரன் கதி அதோகதி. பூச்சு முடிந்தபின் யாருக்கும் தெரியாது. இந்த வேலைக்கு மேஸ்திரியாக இருந்தவர் யாரோ, அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

அப்புறம் மணி. அறைக்குள் ஒரு கைப்பிடி. திருப்பினால் வெளியே மணி அடிக்கும், கூடவே கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு சுவரிலிருந்து துருத்திக்கொண்டு வெளியே வரும். தகட்டில் அறை எண். வார்டன் வந்து கையால் தள்ளினால்தான் தகடு உள்ளே போகும். மணிச் சத்தம் அடங்கிவிடும், தகடு அடங்காது. யார் கூப்பிட்டார் என்று தெரியவில்லை என வார்டன் சாக்குச் சொல்ல முடியாது.

---

கால்வாய்க்கரை – திங்கள், மாலை 6:05

ஐயா, இதை மகளிடம் படித்துக் காட்டினேன். தகடு விஷயத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

மதிப்பீடு பற்றி ஒரு சந்தேகம். 51,447 என்று அவ்வளவு துல்லியமாக எப்படி? டெண்டர் வருவதற்கு முன்னாலேயே ஒற்றை ரூபாய் வரைக்கும், மன்னிக்கவும், பவுண்டு வரைக்கும் தெரிந்துவிடுமா?

---

கணக்குப்பிள்ளை – திங்கள், இரவு 8:48

இதற்காகவே உள்ளே வந்தேன்.

பென்டன்வில் செலவு 84,186 பவுண்டு. அறைகள் 520. வகுத்தால் அறைக்கு ஏறக்குறைய 162 பவுண்டு.
பர்மிங்காம் 51,447. அறைகள் 321. வகுத்தால் 160.

புரிகிறதா?

---

பழைய ஓவர்சியர் – திங்கள், இரவு 9:10

அட! பிளிந்த் ஏரியா ரேட் போட்டிருக்கிறான்!

தம்பிமார்களுக்காக விளக்குகிறேன். ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்றால் முதலில் செங்கல் செங்கலாக எண்ண மாட்டோம். பக்கத்து மாவட்டத்தில் கட்டின ஆஸ்பத்திரிக்கு ஒரு படுக்கைக்கு எவ்வளவு ஆனது, நமக்கு எத்தனை படுக்கை, பெருக்கு, நிர்வாக ஒப்புதல் வாங்கு. விரிவான மதிப்பீடு எல்லாம் பின்னால். ஹில் அப்படித்தான் செய்தார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, தற்செயலாகவும் பொருந்தியிருக்கலாம். ஆனாலும் இந்த 162-ஐயும் 160-ஐயும் பார்த்தால் என் பழைய மேசை ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் நான் போட்ட எந்த மதிப்பீடும் முடியும்போது அதே தொகையில் நின்றதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

ரெடிங்காரி – செவ்வாய், காலை 8:15

மதிப்பீடு நிற்காத கதைக்கு எங்கள் ஊரைப் பாருங்கள். ரெடிங் சிறை, 1842 முதல் 1844 வரை கட்டியது. ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், பின்னாளில் பெரிய பெயர் எடுத்தவர், அப்போது இளைஞர். கூட்டாளி மாஃபட். அதுவும் பென்டன்வில் பாணிதான். போட்ட மதிப்பீட்டை எங்கோ தாண்டி 40,000 பவுண்டுக்கும் மேலே போய் நின்றது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ரெடிங் கட்டியது நகர மன்றம் இல்லை, கவுண்டி மாஜிஸ்திரேட்டுகள். நிலச்சுவான்தார்கள். தேர்தலே கிடையாது. காலாண்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்து தீர்ப்பும் அவர்களே, ஜெயில் கட்ட வரி போடுவதும் அவர்களே. அதனால் ஆவணங்களும் வேறு வகை, நீதிமன்ற உத்தரவுப் புத்தகங்களில் தேட வேண்டும். பர்மிங்காம், லீட்ஸ் மாதிரி ஊர்களில் ஓட்டு வாங்கி வந்தவர்கள் கட்டினார்கள். லீட்ஸ் ஆர்ம்லி சிறை 1847-ல் வந்தது, கோட்டை வாசல் மாதிரி முகப்பு, இன்றும் நிற்கிறது.

ஆஸ்கர் வைல்ட் ரெடிங்கில் இருந்தபோது அவர் பெயர் சி.3.3. சி பிளாக், மூன்றாம் தளம், மூன்றாம் அறை. விசிறி வரைபடம் மனுஷனுக்குப் பெயர் வைத்துவிட்டது.

---

கால்வாய்க்கரை – செவ்வாய், மாலை 5:50

ஓட்டு வாங்கி வந்தவர்கள் கோட்டை முகப்புக்கு எப்படிப் பணம் கொடுத்தார்கள்? வரி கட்டுகிறவன் கேட்க மாட்டானா?

---

மினிட்ஸ் பைத்தியம் – செவ்வாய், இரவு 10:30

கேட்டார்கள். நன்றாகவே கேட்டார்கள்.

வரி எப்படி என்றால், வீட்டுக்கு ஆண்டு வாடகை மதிப்பு என்று ஒன்று போட்டு, பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று விதிப்பது. 10 பவுண்டு மதிப்புள்ள வீட்டுக்கு, பவுண்டுக்கு 6 பென்ஸ் என்றால் வருஷத்துக்கு 5 ஷில்லிங். ஜெயிலுக்கு மொத்தமாகக் கடன் வாங்குவார்கள், பல வருஷ வரியைக் காட்டி அடைப்பார்கள். ஓட்டுப் போட்டவர்களில் சின்னக் கடைக்காரர்கள் நிறைய. அவர்கள் பார்வையில் ஜெயிலும் ஒன்றுதான், பூங்காவும் ஒன்றுதான், இரண்டும் பையிலிருந்து போகிற காசு. 1850-களில் 'சிக்கனக் கட்சி' என்றே ஒரு கூட்டம் மன்றத்தைப் பிடித்தது. தலைவர் ஜோசஃப் ஆல்டே. பல வருஷம் வேலை பார்த்த பரோ சர்வேயர் பிகாட் ஸ்மித்தை 1857-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த ஆல்டே பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இடத் தேர்வும் சுவாரஸ்யம். அந்தக் காலத்தில் வின்சன் கிரீன் ஊருக்கு வெளியே. 1849-ல் ஜெயில், 1850-ல் பக்கத்திலேயே மனநோயாளிகள் இல்லம் (அதற்கும் அதே ஹில்தான்), 1852-ல் ஏழைகள் விடுதி. ஊர் பார்க்க விரும்பாத எல்லோரையும் ஒரே கால்வாய் ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். நீங்கள் நடக்கிற பாதை அதுதான்.

இப்போது உங்கள் தலைப்புக் கேள்விக்கு வருகிறேன். மினிட்ஸை மட்டும் வைத்துக் கதை சொல்ல முடியுமா? கட்டின கதையைச் சொல்லலாம், நடந்த கதையைச் சொல்ல முடியாது. காரணம் ரொம்பச் சாதாரணம். கட்டடத்துக்குப் பணம் மன்றம் கொடுத்தது. ஆனால் ஜெயிலை நடத்தியது மன்றம் இல்லை. பரோ மாஜிஸ்திரேட்டுகளிலிருந்து 'பார்வையாளர் மாஜிஸ்திரேட்டுகள்' என்று ஒரு குழு, அவர்கள் கையில் உள்நிர்வாகம். மாஜிஸ்திரேட்டுகளை நியமித்தது அரசு. ஓட்டுப் போட்டவனுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. சுவர் யாருடையது என்றால் மன்றத்துடையது, சுவருக்குள் நடப்பது யாருடையது என்றால் மாஜிஸ்திரேட்டுகளுடையது. இரண்டு தரப்புக்கும் தனித்தனிப் புத்தகம்.

ஜெயிலின் முதல் கவர்னர் (சிறைத் தலைமை அதிகாரி) கேப்டன் அலெக்சாண்டர் மக்கோனக்கி. ஆஸ்திரேலியா பக்கம் நார்ஃபோக் தீவில் நாடு கடத்தப்பட்ட கைதிகளை மேய்த்தவர். ஒழுங்காக இருந்தால் மதிப்பெண், மதிப்பெண் சேர்ந்தால் விடுதலை சீக்கிரம் என்ற யோசனைக்காரர். 1851-ல் பார்வையாளர் மாஜிஸ்திரேட்டுகள் அவரை அனுப்பிவிட்டு, உதவியாளராக இருந்த லெஃப்டினன்ட் வில்லியம் ஆஸ்டினைக் கவர்னர் ஆக்கினார்கள்.

ஆஸ்டின் கையில் கிராங்க். அறைக்குள் ஒரு இரும்புப் பெட்டி, கைப்பிடி, சுற்றை எண்ணுகிற முள். சுற்றுவதால் எதுவும் அரைபடாது, எதுவும் உற்பத்தியாகாது. நாளைக்கு 10,000 சுற்று. காலை உணவுக்கு முன் 2,000, மதிய உணவுக்கு முன் 4,000, இரவு உணவுக்கு முன் 4,000. முடிக்காவிட்டால் சாப்பாடு கிடையாது, ரொட்டியும் தண்ணீரும்தான். அதற்கும் அடங்காதவனுக்கு இறுக்கக் கட்டும் சட்டை, கழுத்தில் தோல் பட்டை, சுவரோடு நிற்க வைத்துக் கட்டுதல், மேலே வாளித் தண்ணீர்.

எட்வர்ட் ஆண்ட்ரூஸ் என்ற 15 வயதுப் பையன். நான்கு பவுண்டு மாட்டிறைச்சி திருடியதற்கு மூன்று மாதம். 1853 ஏப்ரல் கடைசியில் தன் அறையிலேயே உயிரை விட்டான். விசாரணை ஊரைக் கலக்கியது. மன்றத்துக்கு உள்ளிருந்து இதை எடுத்துக்கொண்டு பெரிதாகக் கத்தியவர் யார் தெரியுமா? அதே ஆல்டே. பென்ஸ் பென்ஸாக எண்ணிய அந்த ஆள்தான். அரச ஆணையம் ஒன்று உட்கார்ந்தது, 1854-ல் அறிக்கை வந்தது. பல தண்டனைகள் புத்தகத்தில் பதியப்படவே இல்லை என்று தெரிந்தது. மக்கோனக்கியும் அங்கங்கே சட்டத்தை மீறினார் என்றும் சொன்னது, அவரைப் புனிதராக்க வேண்டாம். பார்வையாளர் மாஜிஸ்திரேட்டுகள் வந்து பார்த்துவிட்டு, கவர்னர் எழுதிக் கொடுத்ததை நம்பிப் போயிருக்கிறார்கள்.

---

சுருக்கு – புதன், காலை 6:55

ஆஸ்டினுக்கு என்ன ஆச்சு?

---

மினிட்ஸ் பைத்தியம் – புதன், காலை 7:20

ராஜினாமா செய்தார். பிறகு வார்விக்கில் வழக்கு, குற்றவாளி என்று தீர்ப்பு. மூன்று மாதம்.

---

சுருக்கு – புதன், காலை 7:21

அந்தப் பையனுக்குக் கொடுத்த அதே மூன்று மாதம்.

சரி, நமக்கு எதற்கு என்று கேட்டதை வாபஸ் வாங்குகிறேன்.

---

பழைய ஓவர்சியர் – புதன், மதியம் 12:40

நேற்று ராத்திரி இதைப் படித்ததிலிருந்து அந்த மணித் தகடே கண்ணில் நிற்கிறது. சட்டம் கேட்டது, ஜெப் ஒப்புக்கொண்டார், மன்றம் காசு கொடுத்தது, கொத்தனார் பொருத்தினார். பையன் கைப்பிடியைத் திருப்பியிருந்தால் தகடு வெளியே வந்திருக்கும். அதைத் தள்ளி உள்ளே விட ஒரு ஆள் நடந்து வர வேண்டும் என்பதை எந்த மதிப்பீட்டிலும் எழுத முடியாது.

நான் பழுது பார்த்த ஒரு சிறையில் அறைக்கு அறை அழைப்பு மணி இருந்தது. ஒயர் எல்லாம் நான்தான் மாற்றினேன், சோதித்துக் கையெழுத்தும் போட்டேன். ஆறு மாதம் கழித்துப் போனால் எல்லா மணி நாக்கிலும் துணி சுற்றியிருந்தது. சத்தம் தொந்தரவாம். என் எம்-புக்கில் (வேலை அளவுப் பதிவேடு) அது 'பணி முடிந்தது' என்றுதான் இன்றும் இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை – புதன், மாலை 4:15

எனக்கு ஒரே ஒரு விஷயம் இடிக்கிறது. கிராங்க் இரும்புச் சாமான். ஒன்றிரண்டு இல்லை. ஆகாயத்திலிருந்து விழவில்லை, யாரோ ஆர்டர் கொடுத்து, யாரோ செய்து, யாரோ பில் பாஸ் செய்திருக்க வேண்டும். உள்நிர்வாகம் மாஜிஸ்திரேட்டுகளுடையது, சரி. ஆனால் பணப்பெட்டி மன்றத்துடையது. அப்படியானால் அந்த பில் மன்றத்தின் கணக்கைத் தொடாமல் போயிருக்க முடியுமா?

---

மினிட்ஸ் பைத்தியம் – புதன், இரவு 9:55

நல்ல கேள்வி. 1853-ல் மன்ற உறுப்பினர்கள் 'எங்களுக்கு ஒன்றும் தெரியாது, அது மாஜிஸ்திரேட்டுகள் பொறுப்பு' என்று ஒதுங்குவது சுலபம், சட்டமும் அவர்கள் பக்கம். கிராங்க் பில்லில் யார் கையெழுத்து என்று பார்த்தால் கதை வேறு மாதிரி ஆகலாம், ஆகாமலும் போகலாம். கட்டடக் குழு மினிட்ஸில் இதைத் தேடாதீர்கள், நிதிக் குழுவின் வவுச்சர்களைப் பாருங்கள். சாமான் பெயர் 'கிராங்க்' என்று இருக்காது, 'இரும்பு வேலை, பரோ சிறை' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பார்கள். 1849 கோடையிலிருந்து 1853 வரைக்கும் பாருங்கள்.

---

கால்வாய்க்கரை – வியாழன், காலை 8:05

இன்று லீவு போட்டுவிட்டேன். பென்சில் மட்டும்தான் உள்ளே விடுவார்களாம், பேனா கூடாது. மகள் தன் பென்சில் பெட்டியிலிருந்து இரண்டு சீவிக் கொடுத்திருக்கிறாள். நிதிக் குழுப் புத்தகங்களைக் கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. ராத்திரி வந்து சொல்கிறேன்.

---

பழைய ஓவர்சியர் – வியாழன், காலை 8:11

தம்பி, மணி ரிப்பேர் என்று ஏதாவது பில் கண்ணில் பட்டால் அதையும் குறித்துக்கொண்டு வா.